கரிசல் மனையும் சக்கர நாற்காலியும்

'விடு' என்னும் முதனிலை திரிந்து 'வீடு' என்றாயிற்று என்பது இலக்கணம் பயின்றார் யாவரும் அறிந்ததொன்று. பகலெல்லாம் புறத்தே உழன்றவன் தன் சுமையை இறக்கிவிடும் இடமாதலின் உறையுளும், பற்றுக்களை விட்டபின் எய்துவதாதலின் பேரின்பமும் அவ்வொரு பெயரானே வழங்கலாயின என்பர். அங்ஙனமாயின், தன் இல்லத்தினின்று தெருவிற்கு வருதற்கு இருவர் தோளும், மீண்டு உட்புகுதற்கு அவ்விருவர் தோளும் எதிர்நோக்கி நிற்கும் ஒருவனுக்கு அக்கட்டடம் வீடென்னும் பெயர்க்கு உரித்தாதல் யாங்ஙனம்? கால்கள் செயலற்றுச் சக்கர நாற்காலியில் இயங்குவார்க்குத் தக்க உறையுள் கிடைத்தலின் அருமையை, நாம் நன்கறிந்த பசுவந்தனையையும் அதனை அடுத்த கோவில்பட்டியையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்வருமைக்கு மக்களின் மனக்கடுமையே காரணம் என்று பலர் கூறுவர். நாம் அதனை முழுவதும் உடன்படுகிலேம். அம்மனக்கடுமைக்கு முன்னரே மண்ணின் கடுமையொன்று உளது. அதனை முதற்கண் காண்பாம்.

பசுவந்தனை தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசற்காட்டு ஊர்களுள் ஒன்று. வானம் பார்த்த அந்நிலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவது அம்மண் ஈரத்தை நெடுநாள் தன்னுள் அடக்கிவைக்கும் ஆற்றலாலாம். அவ்வாற்றலே கட்டடங்களுக்குப் பகையாகின்றது. கரிசலில் மிக்குள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிக்கனிமம் நீரையுண்டு புடைக்கும். நீர் வற்றிய வழிச் சுருங்கும். ஐப்பசி கார்த்திகையிற் பொங்கி எழுந்த நிலம் சித்திரை வைகாசியில் சிறுவர் கை நுழையுமளவு பாளம் பாளமாக வெடித்துக் கிடத்தலை அப்பக்கத்தார் ஆண்டுதோறும் காண்கின்றனர். அம்மண்மேல் நேரே எழுப்பிய சுவர் சில ஆண்டிற்குள் மூலைக்கு மூலை கீறல் விடும். ஆதலின் கொத்தனார்கள் கரிசலை ஆழத் தோண்டி அகற்றிக் கிராவல் மண் கொட்டித் திமிசு போட்டு, அதன்மேல் தரைமட்டத்தினின்று இரண்டடி மூன்றடி உயரத் தளம் எழுப்பி வீடு கட்டுகின்றனர். மழைநாளில் தெருவெல்லாம் சேறாகும் ஊரில் அவ்வுயரம் வீண்பெருமை அன்று, உயிர்க்காவலேயாம்.

இவ்வுயரத்தை மேலும் மிகுவிப்பது தெருவாகும். பழைய சிமெண்டுச் சாலையைப் பெயர்த்தெடாது அதன்மேலேயே புதிய சாலையை இடுதல் எங்கணும் வழக்கமாயிற்று. ஒவ்வொரு முறையும் தெரு அரையடி உயரப் பழைய வீடுகள் பள்ளத்து வீடுகளாகின்றன. அதனைக் கண்டு அஞ்சிப் புதிது கட்டுவோர், வருங்காலச் சாலைகளையும் முன்னெண்ணி, இன்னும் ஓரடி கூட்டிக் கட்டுகின்றனர். தெருவிற்கும் வீட்டிற்கும் இடையே வாறுகால் ஓடும். அதன்மேல் ஒரு பலகைக்கல் கிடக்கும். அக்கல்லைக் கடந்து நான்கைந்து படி ஏறி, நிலைப்படியையும் தாண்டினாலன்றி உள்ளே புகுதல் இயலாது.

இனிக் கணக்கிற்கு வருவோம். நடுவணரசு 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அணுகுதல் நெறிமுறைகளின்படி சாய்தளம் ஒன்று ஓரடி உயர்தற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டரை அடித் தளத்திற்கு முப்பதடி என்பதாயிற்று. பசுவந்தனைத் தெருக்கள் பலவற்றின் அகலமோ பன்னிரண்டு அடிதானும் இராது. வீட்டு வாயிலினின்று நேரே முப்பதடி சாய்தளம் இறக்கினால் அஃது எதிர்வீட்டின் நடுக்கூடத்தில் முடியும்! இருசக்கர வண்டி ஏற்றுதற்கென்று சிலர் வாயிலிற் செங்குத்தாக ஒரு சரிவு கட்டியிருத்தலைக் கண்டு, "சரிவு உளதே, இன்னும் என்ன குறை?" என்று வினவுவாருமுளர். இரண்டடி உயரத்தை ஐந்தடி நீளத்தில் ஏறும் அச்சரிவில் நாற்காலியில் அமர்ந்தவர் தாமே ஏற முயன்றால் மல்லாந்து வீழ்வர்.

"தூக்கிவிடுவார் ஊரில் உளரன்றோ?" என்பது அடுத்து எழும் வினா. உளர், கரிசற்காட்டாரின் கைகள் உதவிக்குச் சுருங்குவன அல்ல. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, வாயில்வழிப் புகமாட்டாமையின் மேற்கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிய வரலாறு மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் உள்ளது. (அவ்வீட்டுக்காரர் யாது கூறினாரோ, மாற்கு எழுதிற்றிலர்.) ஆயினும் அந்நால்வர் சுமந்தது ஒரு நாள், சுமக்கப்பட்டவனோ பின்னர்த் தன் படுக்கையைத் தானே எடுத்துச் சென்றான். நாள்தோறும் அலுவலுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் செல்ல வேண்டுபவர் நாள்தோறும் நால்வரை எங்ஙனம் அழைப்பது? வயது வந்த பெண்ணொருத்தி அயலார் தோளில் ஏறி இறங்க ஒருப்படுவளோ? அத்தகையார் பலர் வெளிவருதலையே விட்டுவிடுகின்றனர். ஊரார் அவரை மறந்தும்விடுகின்றனர்.

படியை ஒருவாறு கடந்தாலும் வாயில் உளது. தச்சர் மூன்றடி நிலை என்று கூறுவது புறவளவு. இருபுறத்துச் சட்டமும் கழிய உள்ளளவு இரண்டடி மூன்று நான்கு அங்குலமே எஞ்சும். சக்கர நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 25 முதல் 27 அங்குலம் வரை. சக்கரத்தைத் தள்ளும் கைவிரல்களுக்கு மேலும் சிறிது இடம் வேண்டும். தலைவாயிலில் தோல் உராய நுழைந்தவர்க்குக் குளியலறை வாயில் முற்றும் அடைபட்டதே. அதன் நிலை புறவளவில் இரண்டரை அடி, உள்ளளவு இரண்டடி. உள்ளே புகுந்தாராகவே கொள்வோம். நாற்காலி ஒருமுறை வட்டமாகத் திரும்புதற்கு ஏறக்குறைய ஐந்தடி விட்டம் வேண்டுமாக, அறையின் அகலமோ நான்கடி. நெறிமுறைகள் வாயிலின் உள்ளளவு 90 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும் என்கின்றன. அவ்வளவு அகன்ற கழிப்பறைக் கதவை அப்பக்கத்து வீடுகளில் நாம் கண்டதில்லை.

நிற்க. சென்ற ஆண்டு, பசுவந்தனையைச் சார்ந்த இளைஞர் ஒருவர்க்குக் கோவில்பட்டியில் வாடகை வீடு தேடும் பணியில் நாமும் துணை சென்றோம். அவர் பனையினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தவர். கணக்கெழுதும் வேலையொன்று நகரத்தில் வாய்த்தது. பேருந்தின் படிகளில் நாளும் ஏறியிறங்கல் இயலாமையின் நகரத்திலேயே குடியிருக்க விழைந்தார். மூன்று திங்களில் 11 வீடுகள் பார்த்தோம். அவற்றுள் நான்கு மாடிமேல் இருந்தன. உடைமையாளர் கீழ்த்தளத்தைத் தமக்கென வைத்துக்கொண்டு மேல்தளத்தை வாடகைக்கு விடுதல் நகரவழக்கு. வாடகைக்கு வரும் கீழ்த்தளமோ தெருப்பக்கமாயின் கடையாகிவிடுகின்றது. தரகர் இதனை அறிந்தும் நம்மை மாடிவீடுகளுக்கே அழைத்துச் சென்றமை ஏனென்பது இன்றுவரை விளங்கவில்லை. ஓரிடத்தே வீட்டுக்காரர் சாய்தளம் கட்டிக்கொள்ள இசைந்தார். ஆனால் மாடியிற் குடியிருப்போர் வண்டிகள் நிற்குமிடம் அதுவாயிற்று. மற்றோரிடத்தே பளிங்குபோன்ற ஓட்டுத்தரையில் சக்கரத் தடம் படியுமே என்று வீட்டம்மையார் வருந்தினார். பிறிதோரிடத்தே, "தம்பி, இரவில் விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?" என்று ஒரு முதியவர் கேட்டார். அக்கேள்வியில் அன்பும் இருந்தது, அச்சமும் இருந்தது. எது மிகுதியென்று பிரித்தறிய இயலவில்லை. இருவர் முன்பணத்தை இரட்டித்துக் கூறி நம்மைத் திருப்பியனுப்பினர்.

எல்லாவற்றுள்ளும் சிறந்ததாய் ஒரு வீடு கிடைத்தது. புதிய தெரு, படி ஒன்றே, வாயிலும் அகன்றிருந்தது. இளைஞர் முகம் மலர்ந்தது. கழிப்பறைக் கதவைத் திறந்து நோக்கியபோது, குழாய்களை அடியிற் புதைத்தற்காக அதன் தரையைக் கூடத்தினும் ஓரடி உயர்த்திக் கட்டியிருந்தமை தெரிந்தது. ஐந்தாறு அங்குலமாயினும் மரப்பலகை இட்டு ஏறியிருக்கலாம். "கொத்தனார் அப்படித்தான் கட்டினார்" என்றார் வீட்டுக்காரர், அது மெய்யே.

இவ்வலைச்சலின் இடையே தரகர், முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட பழமொழியை நகையோடு எடுத்துக் கூறினார். தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கு அப்போது நினைவிற்கு வந்தது குறுந்தொகையின் 60-ஆம் செய்யுள். பரணர் பாடிய அச்செய்யுளிலும் முடவன் ஒருவன் வருகின்றான். உயர்ந்த மலைமேல் தொங்கும் தேனடையைக் கீழிருந்து கண்டு, கையையே சிறு கலம்போற் குவித்துச் சுட்டி நக்குகின்றான். தலைவன் அருளாவிடினும் அவனைக் காண்டலே தன் நெஞ்சிற்கு இனிது என்று கூறும் தலைவிக்கு அவன் உவமையாகின்றான். பழமொழி அவனை நோக்கி நகைக்கின்றது, பரணர் நகைத்திலர். தலைவியின் காதலையே அவன் கையில் வைத்தார். எனினும், தேனைக் கண்டு இன்புறலாம். குடிபுகமாட்டாத வீட்டை எத்தனைநாள் கண்டு இன்புறுவது?

முடிவில் இளைஞர் குடியேறியது வீடன்று. பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்றன் பக்கத்தறை. சுருட்டி ஏற்றும் இரும்புக் கதவு அதற்கு எட்டடி அகலம். மூடைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுதற்கென்று நீண்ட, நல்ல சரிவொன்றும் முன்னரே கட்டப்பட்டிருந்தது. அச்சரிவில் அவர் எவர் துணையுமின்றித் தாமே ஏறிச்சென்றார். பருத்தி மூடைக்குச் சரிவும் மனிதர்க்குப் படியும் அமைத்த நம் கட்டடக்கலையை எண்ணி அன்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இந்நிலையிற் சட்டம் யாது செய்கின்றது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 5-ஆம் பிரிவு அவர்கள் சமுதாயத்தினிடையே வாழும் உரிமையுடையர் என்கின்றது. 37-ஆம் பிரிவு அரசின் வீட்டுத்திட்டங்களின் ஒதுக்கீட்டில் நூற்றுக்கு 5 பங்கு அவர்க்கு உரியது என்கின்றது. 44-ஆம் பிரிவு அணுகுதற்கியலாத வரைபடத்தோடு கட்டட அனுமதி வேண்டும் நிறுவனங்களுக்கு அனுமதி மறுக்கப்படும் என்கின்றது. இவையனைத்தும் நல்லனவே. ஆனால் நிறுவனம் என்பதில் தனியார் குடியிருக்கும் இல்லம் அடங்காது. வாடகைக்கிருப்போர் தம் செலவில் வாயிலைத் திருத்திக்கொள்ளும் உரிமையைப்பற்றி அச்சட்டத்தில் தனியே ஒரு பிரிவும் இல்லை. ஒதுக்கீட்டுப் பிரிவோ வீடு யாருக்கு என்பதைக் கூறுகின்றது. அவ்வீட்டினுள் அவர் எங்ஙனம் புகுவார் என்பதைக் கூறிற்றிலது. 2016-இல் தொடங்கிய நடுவணரசின் ஊரக வீட்டுத்திட்டத்தில் வீட்டின் சிற்றளவு 25 சதுர மீட்டர். 2024-இல் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத்திட்டத்தில் 360 சதுர அடி. இடம் சிறிதென்று குறைகூற நாம் விரும்பவில்லை. சிறிய வீட்டில் கதவுகள் குறைவு, தடைகளும் குறைவு. இருபது வீட்டில் ஒன்றேனும் வாயில் அகன்று, கழிப்பறைத் தரை கூடத்தோடு ஒத்து, தளத்திற்குச் சரிவு பொருந்தி எழுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அணுகுதலுக்கான விதிகள் வெறும் அறிவுரையோ, மீறலாகாத கட்டளையோ என்னும் ஐயம் நெடுங்காலம் இருந்துவந்தது. ராஜீவ் ரதூரி என்பார் 2005-ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம், 2017-ஆம் ஆண்டு விதிகளுள் 15-ஆவது விதி கட்டாயமாக இருக்கவேண்டியதை அறிவுரையளவிற் சுருக்கிவிட்டது; ஆதலின் மூலச்சட்டத்தோடு முரணுவது எனத் தீர்ப்பளித்து, கட்டாயமானவற்றைப் பிரித்து வகுக்குமாறு அரசிற்கு மூன்று திங்கள் தவணை தந்தது. அத்தீர்ப்பு பொதுக்கட்டடங்களின் பொருட்டுப் பெரிதும் பயன்படும்.

பிறநாட்டில் இது எவ்வாறு தொடங்கிற்று என்பது மாணவராகிய நமக்கு ஆர்வமூட்டுவது. எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர், இளம்பிள்ளை வாதத்தால் கழுத்திற்குக் கீழ்ச் செயலற்றவர், 1962-இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். படிக்க இடம் கிடைத்தது. உறங்க இடம் கிடைக்கவில்லை. அவர்தம் சுவாசத்திற்குரிய 800 பவுண்டு எடையுள்ள இரும்புப் பேழையை ஏற்கும் விடுதியின்மையின், பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓர் அறையே அவர்க்கு விடுதியாயிற்று. அவரும் அவரைப் பின்பற்றி வந்தோரும் 1972-இல் அந்நகரில் தற்சார்பு வாழ்வு நிலையம் ஒன்றை நிறுவினர். 1987-இல் அட்லாண்டாவில் எலினார் ஸ்மித் என்னும் அம்மையார் வேறொரு கருத்தைப் பரப்பினார்: மாற்றுத்திறனாளி வாழும் வீடு மட்டும் அன்றி, அவர் விருந்தினராய்ச் செல்லும் எல்லா வீடுகளிலும் படியில்லாத வாயில் ஒன்றும், அகன்ற கதவுகளும், கீழ்த்தளத்திற் கழிப்பறை ஒன்றும் இருத்தல் வேண்டும் என்பது. இக்கருத்து நம்மை மிகவும் கவர்ந்தது. மூன்றே மூன்று, கட்டும்பொழுதே செய்யின் செலவும் சிறிது. 1988-இல் அமெரிக்கச் சட்டம், வாடகைக்கிருப்பவர் தம் செலவில் தகுந்த திருத்தம் செய்துகொள்வதை வீட்டுக்காரர் மறுத்தலாகாது என்றும் விதித்தது.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமலில்லை. தென்காசியை அடுத்த ஆயக்குடியில் சு. இராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்திற்குக் கீழ்ச் செயலிழந்தவர் அவர். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகல் என்பாரின் பெயரையே சங்கத்திற்கு இட்டார். 2020-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். ஆயினும் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. வளாகமொன்றை முழுவதும் சமன்செய்தல் எளிது. பிறந்த ஊரின் பிறந்த தெருவில் ஒரு வீட்டைச் சமன்செய்தல் அரிது. பசுவந்தனையார் பசுவந்தனையிலேயே வாழ விரும்பின் அவர்க்கு ஆயக்குடியைக் காட்டுதல் விடையாகாது.

ஆகலின் மீண்டும் மண்ணிற்கே வருகின்றோம். கரிசல் நிலத்தில் வீடு கட்டியபின் சாய்தளம் ஒட்டவைப்போர் ஓர் இடர்ப்பாட்டைக் காண்பர். வீடு ஆழ்ந்த அடித்தளத்தில் அசையாது நிற்க, மேலோட்டமாகக் கட்டிய சரிவு மழைதோறும் எழுந்து கோடைதோறும் தாழும். இரண்டாம் ஆண்டில் இரண்டிற்கும் இடையே விரிசல் விழும். ஓரங்குல மேடு தோன்றும். நாற்காலியின் முன்சக்கரம் மிகச் சிறிது. அம்மேட்டில் அது முட்டிநிற்க, அமர்ந்தவர் முன்னே தள்ளப்படுவர். ஆகவே சரிவையும் வீட்டின் அடித்தளத்தோடு ஒருங்கே எழுப்புதல் வேண்டும். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனத்தார் கரிசற்கெனப் பரப்பிய முறையொன்று உண்டு. பருவந்தோறும் ஈரம் மாறாத ஆழம் வரை, ஏறக்குறைய மூன்றரை மீட்டர், துளையிட்டு, அடியில் தண்டினும் இரண்டரை மடங்கு அகன்ற குமிழோடு கூடிய கான்கிரீட்டுத் தூண்களை நிறுத்தி, அவற்றின் தலைகளை விட்டத்தால் இணைப்பது அம்முறை. அவ்விட்டத்தைச் சாய்தளத்திற்கும் நீட்டிவிடின் வீடும் சரிவும் ஒருடலாய் நிற்கும். அவ்வளவிற்குப் பொருள் இல்லாதார், கரிசலை அகற்றிக் கிராவல் நிரப்பும்பொழுது சரிவின் அடியிலும் அதே ஆழத்திற்கு நிரப்புதல் வேண்டும். இணைப்பில் ஓர் இரும்புத்தகட்டைப் பாலமாகப் போடலாம். சரிவைத் தெருநோக்கி நீட்டாது, மனையின் பக்கச்சுவரை ஒட்டி உள்ளேயே ஓட்டி, நடுவில் இளைப்பாறும் சமதளமொன்று விடின் எதிர்வீட்டாரோடு வழக்கு நேராது.

சரிவிற்கே இடமில்லாத குறுமனையிலும் ஒரு வழி தோன்றுகின்றது. அது நம் முன்னோர் விட்டுச்சென்ற திண்ணை. நாற்காலியின் இருக்கை தரையினின்று 18 முதல் 20 அங்குலம் வரை உயரம். தெருத்திண்ணையை அவ்வுயரத்தில் அமைப்பின், கைவலிமை உடையவர் நாற்காலியினின்று திண்ணைக்குத் தாமே நகர்ந்து அமரலாம். உள்ளே வேறொரு நாற்காலி காத்திருக்கும். எல்லார்க்கும் இது பொருந்தாது, நோயின் தன்மையைப் பொறுத்தது. ஆயினும் வீதியில் நின்று பேசிப்போகும் நிலையினின்று, திண்ணையில் அமர்ந்து பேசும் நிலைக்கு ஒருவர் உயர்தலாகும்.

நிலைப்படியைப்பற்றியும் ஒரு சொல். மஞ்சளும் குங்குமமும் இடும் கீழ்ச்சட்டத்தை மிதித்தலாகாது என்னும் வழக்கத்தால், சக்கரம் அதன்மேல் ஏறுவதைச் சிலர் பொறார். புதிய நிலைகளில் கீழ்ச்சட்டத்தைத் தரைமட்டத்திற் பதித்துவிடுதல் தச்சர்க்கு அரிய வேலை அன்று. மங்கலப்பொருள்களை இருபக்கத்துத் தூண்களில் இடலாம் என்று நம் ஊர்த் தச்சர் ஒருவரே கூறினார். நிலை வைக்கும் நாளில், மாவிலையும் பூவும் கட்டுமுன், அவர் அளவுகோலை விரித்து உள்ளளவு எத்தனை என்று வினவுவார். முப்பத்தாறு அங்குலம் என்று விடையிறுப்பின் அன்று மிகுவது எட்டங்குல மரமும் ஒரு சிறு பலகையுமே. மறுவாரம் சுவர் எழுந்துவிடும். பின்னர் அதே எட்டங்குலத்திற்குச் சுவரை இடித்தல் வேண்டும்.